விடுதி மூடிய கோடையில் நம் வெள்ளைப் பன்றிகள்

சார்,

போன வாரம் என் தம்பியின் பேத்தி சமூக அறிவியல் புத்தகத்தை என் சாய்வு நாற்காலியில் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டாள். எடுத்து ஓரமாக வைக்கப் போனேன். பழுப்பு அட்டைக்குள் புதுத்தாளின் வாசனை. சத்தியமாகச் சொல்கிறேன், நான் புரட்டவில்லை, புத்தகம் தானாகவே அந்தப் பக்கத்தில் திறந்துகொண்டது. 'கால்நடை வளர்ப்புக்குச் சாதகமான சூழல்கள்.' பரந்த புல்வெளி, குறைந்த மக்கள்தொகை, மிதமான வெப்பம், ரயில் வசதி, அருகில் சந்தை. விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். நாற்பது வருஷத்தில் ஒரு வரி மாறவில்லை. ஒவ்வொரு வரி முடிந்ததும் "எழுதியாச்சா?" என்று நீங்கள் கேட்கிற அந்த இடைவெளியும் எனக்குக் கேட்டது.

நீங்கள் காலமாகி, வருகிற ஆடியோடு ஒரு வருஷம். ஒரு வாத்தியாருக்குக் கடிதம் எழுத இவனுக்கு என்ன தகுதி என்று கேட்பவர்கள் கேட்கட்டும். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் என்று ஊரில் என்னைச் சொல்வார்கள். அந்த ஒன்பதாம் வகுப்பை நான் மூன்று வருஷம் படித்தேன் என்பதை ஒருத்தரும் சொல்வதில்லை. கூட்டிப் பார்த்தால் பதினொன்றாம் வகுப்புக்குச் சமம். அதெல்லாம் நீங்கள் இந்தப் பக்கம் மாற்றலாகி வருவதற்கு முன்னால். என் படிப்புக்கு நீங்கள் பொறுப்பில்லை.

உங்கள் பள்ளிக்கூடத்து மதிலுக்கு இந்தப் பக்கம் என் எருமைக் கொட்டகை இருந்தது. ராஜகீழ்ப்பாக்கத்தில் அப்போது எங்களுக்கு ஏரிக்கரை வரை நிலம். பருந்து பறந்தால்கூட எல்லை தாண்ட அரை நாள் ஆகும் என்று நான் சொல்வேன். ஒன்றே முக்கால் ஏக்கர் என்று நீங்கள் திருத்துவீர்கள். திருத்துவதில் உங்களுக்கு அப்படி ஒரு சுகம். ஆனால் கோபமில்லாமல் திருத்துவீர்கள், நோட்டுப் புத்தகத்தில் சிவப்பு மையால் சுழிப்பதுபோல.

எண்பதுகளின் நடுவில் ஒரு மதியம். கொட்டகையில் படுத்திருந்த எனக்கு ஜன்னல் வழியாக உங்கள் புவியியல் பாடம் முழுக்கக் கேட்டது. மறுநாள் காலை நீங்கள் தூக்குப் பாத்திரத்தோடு பால் வாங்க வந்தபோது பிடித்துக்கொண்டேன். "இன்னா சார், புல்வெளி வேணுங்கிறீங்க, ஜனமே இருக்கக் கூடாதுங்கிறீங்க. தாம்பரத்துல அதுல எதுனா ஒண்ணு கீதா? அப்புறம் என் எருமை மட்டும் எப்பிடி சார் ஜம்முனு கீது?"

வேறு வாத்தியாராக இருந்தால் பாலை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டியிருப்பார். நீங்கள் தூக்கைக் கீழே வைத்தீர்கள். சட்டைப் பையிலிருந்து சாக்பீஸ் துண்டை எடுத்து, கொட்டகையின் சுவரில் 'தாம்பரம்' என்று தலைப்பு எழுதினீர்கள். நான் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதினீர்கள். மனை பிரித்துக் கல் நட்டுவிட்டு, வீடு கட்டாமல் போட்டிருந்த இடங்களிலெல்லாம் இடுப்பளவு புல். வேலியும் கிடையாது, கேட்க ஆளும் கிடையாது. ஏரியில் பங்குனி வரை தண்ணீர். அறுவடை முடிந்த மாடம்பாக்கத்து வயல்களில் வைக்கோல். காலையில் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுகிற ஆபீஸ்காரர்கள், அவர்களுக்காக ஸ்டேஷனைச் சுற்றி டீக்கடைகள், அந்தக் கடைகளுக்கெல்லாம் பால். ஜனம் குறைவாக இருக்க வேண்டும் என்று புத்தகம் சொன்ன இடத்தில், ஜனம் நிறைய இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டு, தள்ளி நின்று அதைப் பார்த்தீர்கள். அன்றைக்கு உங்கள் முகத்தில் இருந்த மாதிரி ஒரு சந்தோஷத்தை நான் கல்யாண வீட்டில்கூடப் பார்த்ததில்லை. பாலை மறந்துவிட்டு வெறும் தூக்கோடு போனீர்கள். வீட்டில் உங்கள் சம்சாரம், எனக்கு அக்கா, என்ன சொன்னார் என்று நீங்கள் சொல்லவே இல்லை.

அதற்குப் பிறகு தினமும் அந்தச் சுவருக்கு முன்னால்தான் நம் பேச்சு. ஒருநாள் கேட்டீர்கள், இந்த ஊரில் அதிகமாக வீணாகிற பொருள் எது என்று. யோசிக்காமல் சோறு என்றேன். கல்லூரி விடுதிகளின் பின்பக்கம் மதியம் இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தால் அண்டா அண்டாவாகச் சோறும் சாம்பாரும் கொட்டுவார்கள். அந்த வட்டாரத்துக் காக்கைகள் தின்று தின்று, பறக்க முடியாமல் நடந்து போகும். சரி, சோற்றைத் தின்று சீக்கிரம் சதை வைக்கிற பிராணி எது என்பது உங்கள் அடுத்த கேள்வி. எனக்குப் பதில் தெரியும். ஆனால் வாயைத் திறக்கவில்லை. நீங்களே சொன்னீர்கள்.

எங்கள் குடும்பத்தில் பன்றியா என்று என் அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. அரசுப் பண்ணையில் வளர்க்கிற வெள்ளைப் பன்றி, சீமையிலிருந்து வந்த ஜாதி, பார்த்தால் வெள்ளைக்காரன் மாதிரி இருக்கும் என்று நான் எடுத்துச் சொன்னேன். கடைசியில் ஏரிக்கரை ஓரமாகத்தான் கொட்டகை இருக்க வேண்டும், கிணற்றடியில் குளிக்காமல் நான் வீட்டுக்குள் வரக் கூடாது என்கிற நிபந்தனைகளோடு சம்மதித்தாள்.

உங்களுக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. பன்றிகள் என் பெயரில் இருக்க வேண்டும். நீங்கள் இதில் இருப்பது பள்ளிக்கூடத்தில் ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. பையன்கள் பட்டப்பெயர் வைப்பார்கள் என்பதுகூடப் பெரிதில்லை. மூன்று வருஷத்தில் தலைமையாசிரியர் ஓய்வு பெறுகிறார், அந்த நாற்காலிக்கு உங்கள் பெயர்தான் அடிபட்டுக்கொண்டிருந்தது. அந்த நாற்காலியை நீங்கள் எவ்வளவு விரும்பினீர்கள் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்து மைதானத்தைச் சுற்றி வேப்பங்கன்று நடுவது, நூலகத்துப் பூட்டைத் திறந்து வைப்பது, எல்லாவற்றையும் என்னிடம் சொல்லி வைத்திருந்தீர்கள். என் உயிர் போனாலும் சொல்ல மாட்டேன் என்று சூடம் அணைக்கப் போனேன். நீங்கள் கிறிஸ்தவர். "சூடம் வேண்டாம் பண்ணையாரே, கையைக் கொடுங்க போதும்" என்றீர்கள்.

நாலு குட்டிகளில் ஆரம்பித்தோம். காலையும் மதியமும் மூன்று சக்கர வண்டியில் தகர டின்களை ஏற்றிக்கொண்டு நான் விடுதிக்குப் போவேன். சமையல் மாஸ்டர் நல்ல மனிதர். பின்கட்டைக் கூட்டிக் கழுவிவிட்டுப் போனால் போதும் என்பார். கொண்டு வந்ததைத் தென்னை மட்டை போட்டு எரித்துப் பெரிய கொப்பரையில் ஒரு கொதி விடுவோம். சாம்பார் சாதத்து நாளும் கோழிக்குழம்பு நாளும் பன்றிகளுக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை என் வண்டிச் சத்தம் கேட்டால் ஒன்றரை மைல் தள்ளியே வரிசையில் நிற்கும். இதை நீங்கள் நூறு கஜம் என்று திருத்துவீர்கள். திருத்துங்கள்.

இரண்டு வருஷத்தில் இருபத்தாறு உருப்படி. கிறிஸ்துமஸுக்கு முன்னால் பல்லாவரத்திலிருந்தும் பரங்கிமலையிலிருந்தும் ஆட்கள் ரயிலேறி வந்து பார்த்துப் போனார்கள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு, ஏரிக்கரைக்குக் காற்று வாங்கப் போகிறவர் மாதிரி நீங்கள் வருவீர்கள். சட்டையைக் கழற்றி வேலமரத்தில் மாட்டிவிட்டு, பனியனோடு தொட்டியைத் தேய்ப்பீர்கள். ஒரு கிழட்டுப் பெண் பன்றி உங்களைக் கண்டால் மட்டும் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டும். அதன் வயிற்றைச் சொறிந்தபடியே எனக்கு ஆஸ்திரேலியாவைப் பற்றிச் சொல்வீர்கள். ஏரித் தண்ணீரில் சூரியன் இறங்குகிற அந்த நேரம், நான் பார்த்த ஆஸ்திரேலியா அதுதான். என் ஆயுசில் அந்த இரண்டு வருஷத்துக்கு ஈடாக வேறு எதையும் சொல்ல மாட்டேன்.

நீங்கள் ஒரு நாற்பது பக்க நோட்டில் வரைபடம் போட்டிருந்தீர்கள். விடுதியில் எத்தனை பையன்கள், தலைக்கு எவ்வளவு சோறு மீதி, அதற்கு எத்தனை பன்றி. பரீட்சை மாதத்தில் பையன்கள் சரியாகச் சாப்பிட மாட்டார்கள், மீதி கூடும் என்றுகூட அதில் குறித்திருந்தீர்கள். தாய்ப் பன்றிகள் ஆறையும் ஜனவரியில் சேர்க்கச் சொன்னீர்கள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் சினை. ஏப்ரல் கடைசியில் குட்டி போடும். ஏன் அப்போது என்று கேட்டேன். "அப்பதான் எனக்கு லீவு, பண்ணையாரே. முழு நேரமும் கூடவே இருந்து பார்த்துக்கலாம்" என்றீர்கள். எவ்வளவு படித்த மனிதர் என்று நான் வியந்துபோனேன்.

முந்தின கோடைகளில் ஏதோ சிறப்பு வகுப்புகள் நடந்ததால் விடுதி மூடவே இல்லை. இந்த வருஷம் ஏப்ரல் நடுவில் ஒரு காலை, டின்களோடு போனால் விடுதியின் பின்கதவு பூட்டியிருந்தது. சமையல் மாஸ்டர் தகரப் பெட்டியும் படுக்கைச் சுருளுமாக வாசலில் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார். "இன்னாபா, டின்ன தூக்கிகினு வந்துட்ட. லீவு வுட்டாச்சே. ஜூன்ல வா" என்றார்.

நேராக உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தீர்கள். விடுதி மூடிவிட்டார்கள் சார், லீவு என்றேன். சிவப்புப் பேனா அப்படியே நின்றது. உள்ளேயிருந்து அக்கா வந்து, விஷயத்தைக் கேட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பதினெட்டு வருஷமா லீவு எப்ப விடுவாங்கன்னு எண்ணிக்கிட்டிருக்கிற மனுஷன், பன்னிக்குச் சோறு போடறவங்களுக்கும் லீவு உண்டுன்னு யோசிக்கலையே என்றார். நானும் சிரித்தேன். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் ஆறு தாய்களும் குட்டி போட ஆரம்பிக்கும் என்பது அந்த அறையில் உங்களுக்குத்தான் முதலில் உறைத்தது.

போட்டன. ஐம்பத்திரண்டு குட்டிகள். நான் வெளியில் நூறு என்று சொல்லி வந்தேன், உங்களிடம் சொல்ல முடியாதே. வெயில் அந்த வருஷம் அப்படி. காலி மனைகளில் புல் கருகித் தரை வெடித்திருந்தது, ஏரி நடுவில் மட்டும் ஒரு தாம்பாளம் அளவுக்குத் தண்ணீர். தாம்பரம் மார்க்கெட்டில் கோஸ் இலை பொறுக்கினேன். வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போய் வாடின காய்களை மூட்டை கட்டி வந்தேன். எழுபத்தெட்டு வாய்க்கு அது எந்த மூலைக்கு? தாய்களுக்குப் பால் வற்றியது. முதலில் ஒரு ஈற்றில் நாலு குட்டி செத்தது. மறுநாள் பசியில் ஒரு தாய் தன் குட்டியையே கடித்துத் தின்றது. அதைப் பார்த்தவர் நீங்கள். வேலமரத்தடியில் போய் வாந்தி எடுத்தீர்கள். பேசாமல் கறிக்கு ஏற்றிவிடலாம் சார் என்றேன். பால் குடிக்கிற குட்டிகளை வைத்துக்கொண்டு தாயை எப்படி ஏற்றுவது என்று கேட்டீர்கள்.

கல்யாண மண்டபம் என்று சொன்னது நான்தான். அது மட்டும் உண்மை. முகூர்த்தக் காலம், தாம்பரத்தில் நாலு மண்டபம், ஒவ்வொன்றிலும் ஆயிரம் இலை விழும். சொல்லிவிட்டேனே தவிர, போக வேண்டியது யார் என்று வந்தபோது என் கால் நகரவில்லை. எங்கள் பங்காளிகள் கல்யாணம் அத்தனையும் அந்த மண்டபங்களில்தான். முன்வரிசையில் உட்கார்ந்து மீசையைத் தடவுகிறவன், பின்பக்கம் போய் எச்சில் இலைக்கு டின்னை நீட்டுவதா? காய்ச்சல் என்று உங்களுக்குச் சொல்லி அனுப்பிவிட்டுப் போர்த்திப் படுத்துக்கொண்டேன்.

பத்து மணிக்கு மேல் படுக்க முடியவில்லை. எழுந்து போனேன். மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஜெனரேட்டர் வண்டி நின்றிருந்தது. அதன் மறைவிலிருந்து பார்த்தேன். நீங்கள் சைக்கிளில் இரண்டு டின்களைக் கட்டிக்கொண்டு வந்திருந்தீர்கள். பள்ளிக்கூடத்துக்குப் போடுகிற அதே வெள்ளைச் சட்டை, உள்ளே விட்டு, பெல்ட் போட்டு. இலை கொட்டுகிற தொட்டியருகே நின்று, ஒவ்வொரு இலையாக விரித்துச் சோற்றை டின்னில் வழித்துப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். பாயசம் பட்ட இலையைத் தனியாக வைத்தீர்கள், குட்டிகளுக்கு என்று.

கை கழுவுகிற குழாயும் அங்கேதான். முதல் பந்தி முடிந்து வந்தவர்களில் உங்கள் பள்ளி நிர்வாகக் குழுவில் இருந்த பெரியவரும் ஒருத்தர். யாரை நாற்காலியில் உட்கார வைப்பது என்று முடிவு செய்கிறவர்களில் ஒருத்தர். ஈரக் கையோடு நின்று உங்களைப் பார்த்தார். "சார், ஏன் இங்க நிக்கறீங்க? உள்ள வாங்க, சாப்பிடுங்க" என்றார். பாவம், உங்களுக்குப் பசி என்று நினைத்துவிட்டார்.

நீங்கள் என் பெயரைச் சொல்லியிருக்கலாம். பக்கத்து நிலத்துக்காரனுக்குக் காய்ச்சல், அவனுக்காக வந்தேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. பண்ணையும் என் பெயரில்தான். நீங்கள் இலையைக் கீழே வைத்துவிட்டு, வகுப்பில் பதில் சொல்கிற பையன் மாதிரி நிமிர்ந்து நின்றீர்கள்.

"சாப்பிட வரலைங்க. இலைக்கு வந்தேன். நான் பன்றி வளர்க்கிறேன்."

அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். நீங்கள் மறுபடி குனிந்தீர்கள். சந்துக்கும் அந்தத் தொட்டிக்கும் இருபதடி தூரம். இந்த அளவை நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அந்த இருபதடியை நான் நடக்கவில்லை.

மறுநாள் காய்ச்சல் விட்டுவிட்டது என்று வந்து நின்றேன். நீங்கள் எதுவும் கேட்காமல் வண்டியைத் தள்ளச் சொன்னீர்கள். ஜூன் வரைக்கும் முகூர்த்த நாளெல்லாம் நீங்கள் மண்டபத்துக்குள் போவீர்கள், நான் தெருமுனையில் வண்டியோடு நிற்பேன். நாற்பத்தோரு குட்டிகள் பிழைத்தன. பள்ளிக்கூடம் திறந்த வாரமே உங்களுக்குப் பட்டப்பெயர் வந்துவிட்டது. அது என்ன என்று நான் எழுத மாட்டேன். அடுத்த வருஷம் தலைமையாசிரியராக வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். அவருக்கு அனுபவம் அதிகம் என்று நீங்கள் சொன்னீர்கள். இருக்கலாம். வேப்பங்கன்றுகளை என் நிலத்து வேலியோரமாக நட்டீர்கள்.

தொண்ணூறுகளில் கல் மட்டும் நட்டிருந்த மனைகளில் வீடுகள் எழுந்தன. வந்தவர்கள் வாடை என்றார்கள், நியாயம்தான். பன்றிகளை ஒவ்வொன்றாக அனுப்பினோம். கிழட்டுப் பன்றி தானாகச் செத்தது, ஏரிக்கரையில் புதைத்தோம். என் நிலமும் ஒரு நகராகிவிட்டது. அங்கே இப்போது கறிக்கடையில் ஐஸ் பெட்டிக்குள் கறி இருக்கிறது, எங்கே வளர்ந்தது என்று கேட்டால் கடைக்காரனுக்கே தெரியவில்லை.

நான் கதையை எப்போது திருப்பிப் போட்டேன் என்று எனக்கே நினைவில்லை. ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில் ஆரம்பித்திருக்க வேண்டும். மானம் மரியாதை பார்க்காமல் நான்தான் மண்டபம் மண்டபமாகப் போய் இலை வழித்தேன், உயிர்கள் பிழைத்தன என்று சொன்னேன். எல்லோரும் என்னை ஒரு மாதிரி மரியாதையாகப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்துப்போயிற்று. நீங்கள் பக்கத்து நாற்காலியில் இருந்தபோதே பல தடவை சொன்னேன். பருந்தையும் ஒன்றரை மைலையும் விடாமல் திருத்தியவர், அதை மட்டும் திருத்தவில்லை. அப்பளத்தை உடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

உங்கள் அடக்க ஆராதனையில் உங்கள் மகள் என்னிடம் மைக்கைக் கொடுத்தாள். அங்கேயும் அப்படியேதான் சொன்னேன் சார். சவப்பெட்டிக்கு முன்னால் நின்று சொன்னேன். சனம் சிரித்தது, சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

அன்றையிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்னால் அது பொய், இறங்குகிறது. ஆனால் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகு தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து மேடவாக்கத்தில் உங்கள் மகள் வீட்டுக்குப் போனேன். அந்தக் கோடையில் அவள் சின்னப் பெண், அம்மாவின் ஊருக்குப் போயிருந்தாள். அக்காவும் இப்போது இல்லை. சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை. உட்கார்ந்து, ஜெனரேட்டர் வண்டி, இருபதடி, காய்ச்சல், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். இலை வழித்தது நானில்லைம்மா, உன் அப்பா என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அங்கிள், அப்பா எங்ககிட்ட எத்தனை வாட்டி சொல்லியிருக்கார் தெரியுமா? நீங்கதான் போனீங்கன்னு. அவருக்கு அந்தத் தைரியம் வரலைன்னு."

இல்லைம்மா என்றேன். அவள் சிரித்தாள். அப்பா பொய் சொல்லவே மாட்டார் அங்கிள் என்றாள். நீங்க பெரிய மனசுக்காரர், அதனாலதான் இப்பவும் அவருக்கு விட்டுக் கொடுக்கறீங்க என்றாள். பிள்ளைகளைக் கூப்பிட்டு, தாத்தா காலில் விழுந்து கும்பிடச் சொன்னாள். நாற்காலியை மின்விசிறிக்கு நேராக இழுத்துப் போட்டாள்.

நான் ஆயுசு முழுக்க எத்தனையோ கதை விட்டிருக்கிறேன் சார். ஒன்றைக்கூட யாரும் முழுசாக நம்பியதில்லை. நீங்கள் விட்டது ஒன்றே ஒன்று. அதை அசைக்க முடியவில்லை. அந்த வீட்டில் என்னை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்கள். இலையில் ஒரு பருக்கை மீதி வைக்காமல் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.